மை இருந்தும் 'மை இல்லை': நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022 ஜூலையில் நீங்கள் அமைத்த குழு விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. வீட்டில் இருக்கும் போட்டோ பிரிண்டரை இவற்றில் எதில் வேண்டுமானாலும் சேருங்கள். அதன் கார்ட்ரிட்ஜில், அதாவது மை அடைத்த கூட்டில், ஒட்டியிருக்கும் சிப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நல்ல போட்டோ பிரிண்டர்கள் பலவற்றில் ஆறு மைகள் உண்டு. முகத்தின் நிறமும் வானத்தின் மங்கலும் புள்ளி தெரியாமல் விழ, வழக்கமான நான்குடன் (சயான் என்ற பச்சை கலந்த நீலம், மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு) வெளிர் சயானும் வெளிர் மெஜந்தாவும் வேண்டும். பெரும்பாலும் முதலில் தீர்வதும் இந்த வெளிர் மைகள்தான். ஒன்று தீர்ந்தால் போதும், மற்ற ஐந்தில் மை இருந்தாலும் பிரிண்டர் நகராது. தீர்ந்ததைச் சிரிஞ்சால் நிரப்புவது கடினமல்ல. பொறுமையும் பழைய செய்தித்தாளும் இருந்தால் யாரும் செய்யலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். பல மாடல்களில் யாரும் மையை அளப்பதில்லை. எத்தனை துளி தெளித்தோம் என்று பிரிண்டர் கணக்கிட்டு, மீதியைச் சிப்பில் எழுதிவைக்கிறது. கணக்கு பூஜ்யத்தைத் தொட்டபின் கார்ட்ரிட்ஜைக் கழுத்துவரை நிரப்பினாலும் திரையில் வருவது 'மை இல்லை'. இதற்காகவே சென்னை ரிச்சி தெருவில், சிப்பின் கணக்கை மீண்டும் 'முழு மை' என்று மாற்றும் சிப் ரீசெட்டர் விற்கிறார்கள். நம் பொருளை நாமே பயன்படுத்தக் கள்ளச்சாவி தேடுவது போன்ற நிலை இது.

கண்ட மையை ஊற்றினால் மையைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ளும் என்கின்றன நிறுவனங்கள். அதில் உண்மை இருக்கிறது. நிறம் முழுதாகக் கரைந்திருக்கும் சாய மைக்கு வடிவமைத்த ஹெட்டில், நிறம் நுண்துகள்களாக மிதக்கும் நிறமி மையை ஊற்றினால் அடைப்பு வரலாம். மலிவான மையில் அச்சிட்ட படம் வெயில் படும் சுவரில் சீக்கிரமே வெளுக்கும். அந்த நட்டம் என்னுடையது, முடிவும் என்னுடையதாக இருக்கட்டும். மேலும், புட்டியிலிருந்து நாமே மை ஊற்றும் டேங்க் பிரிண்டரை எப்சன் 2010இலேயே இந்தோனேசியாவில் விற்கத் தொடங்கிவிட்டது. டேங்கில் ஊற்றினால் வசதி, கார்ட்ரிட்ஜில் ஊற்றினால் ஆபத்தா?

விற்ற கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமையைக் காட்டி உரிமை கொண்டாட முடியாது என்று லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அசல் அல்லாத கார்ட்ரிட்ஜ்களுக்கான தடையை வாங்குவோரிடம் சரிவரச் சொல்லாததற்காக, இத்தாலியின் போட்டி ஆணையம் 2020இல் எச்பி நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது.

ஏசியிலும் ஃபிரிட்ஜிலும் மின்சிக்கன நட்சத்திரம் ஒட்டவைத்த அரசுக்கு இன்னொரு வரி அச்சிடவைப்பது பெரிய காரியமல்ல. நிரப்பிய கார்ட்ரிட்ஜை இந்த பிரிண்டர் ஏற்குமா, பின்னால் வரும் மென்பொருள் அப்டேட் அதைத் தடுக்குமா என்பதைப் பெட்டியின் முகப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். மைக் கணக்கு முடிந்ததும் எச்சரித்துவிட்டு, தொடர்ந்து அச்சிட ஒரு பொத்தானும் தரச் சொல்லுங்கள். வெளியார் மையால்தான் பழுது என்று காட்டாமல் வாரன்டியை மறுக்கக் கூடாது என்றும் விதி செய்யுங்கள்.

இப்படிக்கு,
வீட்டிலேயே படம் அச்சிடும் ஒருவர்