மில்வாக்கியிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். இங்கே குளிர் ஒருவழியாக விட்டது. மதியம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் கதீட்ரல் சதுக்கப் பூங்காவுக்குப் போகிறேன். பழைய ஜெயில் இருந்த இடம் அது. அதைச் சொல்லும் பலகை ஒன்று இருக்கிறது. காலமெல்லாம் கோர்ட் கட்டுகளோடு இருந்த உங்களுக்கு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஜோஷுவா குளோவர் மிசௌரியில் அடிமையாக இருந்து தப்பியவர். பக்கத்து ஊரான ரசீனில் மரமில்லில் வேலை பார்த்தார். 1854 மார்ச்சில் பழைய எஜமான் மத்திய அரசின் மார்ஷல்களோடு வந்து, அவரை அடித்துப் பிடித்து இந்த ஜெயிலில் போட்டான். மறுநாளே ஜனங்கள் திரண்டு, கதவை உடைத்து அவரை மீட்டார்கள். கடைசியில் கனடா போய்ச் சேர்ந்தார்.

தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்து எஜமானிடம் திருப்பி அனுப்ப 1850-ல் மத்திய அரசு போட்ட சட்டம் அப்படிப்பட்டது. பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, தனக்காகச் சாட்சி சொல்லவும் முடியாது. திருப்பி அனுப்பினால், வழக்கை விசாரிக்கும் கமிஷனருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். தீர்ப்பைப் பார்த்துக் கூலி! படித்தபோது வயிறு எரிந்தது அப்பா.

அடிமைமுறையை ஒழித்திருந்த வட மாநிலங்கள் இந்தச் சட்டத்துக்கு முன்பும் பின்பும் சும்மா இருக்கவில்லை. தப்பி வந்தவர்களைப் பிடித்துக்கொண்டு போவதைத் தடுத்த பென்சில்வேனியாவின் 1826-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1842-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் மத்திய சட்டத்தை நிறைவேற்ற மாநில அதிகாரிகள் உதவியே தீரவேண்டும் என்பதில்லை என்று அதே தீர்ப்பில் ஒரு வழி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மாசசூசெட்ஸ் 1843-ல் தன் அதிகாரிகளும் ஜெயில்களும் இதற்கு உதவக்கூடாது என்று சட்டம் போட்டது. மில்வாக்கி இருக்கும் எங்கள் விஸ்கான்சின் மாநிலம் 1857-ல் இன்னும் மேலே போனது: பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை உண்டு, அவரைக் காப்பாற்ற வாதாடுவது மாவட்ட அரசு வக்கீலின் கடமை. பணமும் ஆள்பலமும் எஜமான் பக்கம் இருந்த காலத்தில், தப்பி வந்தவருக்கு அரசாங்கமே வக்கீல் வைத்தது எவ்வளவு பெரிய விஷயம்!

அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் அடிமைமுறைக்காக அல்ல, மாநில உரிமைக்காகவே போரிட்டன என்று இங்கே சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஏற்கவில்லை. 1860-ல் நாட்டை விட்டுப் பிரிந்துபோன தென் கரோலினா தன் அறிக்கையில், வட மாநிலங்கள் தங்கள் உரிமையை வைத்துப் போட்ட இந்தச் சட்டங்களைத்தான் குற்றமாகச் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அந்த 1857 சட்டத்தைப் படித்துக் காட்டுகிறேன். அரசு வக்கீல் பற்றிய பிரிவை நீங்கள்தான் எனக்கு விளக்கவேண்டும். அம்மாவின் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்