தொட்டிலுக்கு மேலே ஆன்டெனா

அன்புள்ள கயலுக்கு,

ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் வந்த சந்தோஷத்தில் நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். கூரைக்கு அடியில், அட்டிக்கில் நீயே கட்டிய 10 மீட்டர் அலைவரிசைக்கான டைபோல் (இரண்டு கம்பிக் கைகள் நீட்டிய ஆன்டெனா) நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் அதற்கு நேர் கீழேதான் குட்டியின் தொட்டில் இருக்கிறது என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். செல்போன் டவரைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, தெரியுமே. இந்தத் தடவை அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது.

பயப்படாதே. ரேடியோ அலை எக்ஸ்ரே மாதிரி இல்லை. உடம்பைச் சூடாக்கும், உடம்பில் எவ்வளவு அலை படலாம் என்ற வரம்பெல்லாம் அந்தச் சூட்டுக்காகத்தான். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை உடம்பு அதிகம் உறிஞ்சும் என்பதால் அங்கே வரம்பு ரொம்பக் கடுமை. உன் 28 மெகாஹெர்ட்ஸ் அதன் வாசற்படியில் இருக்கிறது.

கணக்குப் போட்டேன். 100 வாட்டில் எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாகச் சின்னச் செய்தி அனுப்பும் முறை): 15 விநாடி அனுப்பி, 15 விநாடி கேட்பாய், ஆக சராசரி 50 வாட். தரை எதிரொலிப்பையும் சேர்த்தால் குட்டி ஆன்டெனாவிலிருந்து சுமார் 9 அடி தள்ளியிருக்க வேண்டும். படத்தில் 7 அடிகூடத் தெரியவில்லை. 10 வாட் என்றால் 3 அடிக்குள் அடங்கிவிடும்.

அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் புது விதி 2021 மே 3-இல் வந்தது. குறைந்த வாட்டுக்கு இருந்த பழைய விலக்கு போய்விட்டது. கணக்கைப் போட்டு நீயே வைத்துக்கொள், யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. விவரம் சொல்லிக்கொடுத்த வீட்டாருக்குத் தளர்வான வரம்பு போதும் என்று ஒரு சலுகை உண்டு. ஒன்பது மாதக் குழந்தைக்கு என்ன பாடம் நடத்துவாய்? கடுமையானதையே எடுத்துக்கொள்.

அப்புறம், என் ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்குமே? மொட்டை மாடியில் துணிக்கொடி பக்கம் தொங்கிய டைபோல் முனையைப் பிடித்தேன். கீழே நண்பர் ரேடியோவில் கீ அழுத்தி அனுப்பிக்கொண்டிருந்தது தெரியாது. முனையில்தான் வோல்டேஜ் உச்சம். ஷாக் அடிக்கவில்லை, பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சுட்ட மாதிரி சுருக்கென்றது, முடி பொசுங்கும் வாடை வேறு. ஆற மூன்று வாரம் ஆயிற்று. யார் அட்டிக்கில் ஏறினாலும் ரிக்கை (ரேடியோ கருவியை) அணைத்துவிடு.

டேப் வைத்து அள. மெத்தை வரைக்கும் இல்லை, குட்டி தொட்டிலில் எழுந்து நின்றால் தலை வரும் இடம் வரைக்கும். அதுவரை 10 வாட்டைத் தாண்டாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் அளவைச் சொல், மறுபடி கணக்குப் போடுவோம்.

88 (ஹாம் பாஷையில் அன்பும் முத்தமும்),
அப்பா