உங்கள் வீட்டு ரேடியோவும் வால்டர் காஃப்மனும்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. மூட்டுவலி தேவலையா? பேரன் லீவுக்கு வந்திருந்தான், பகலெல்லாம் அவன் பின்னால் ஓடியே போய்விட்டது.

இன்று ஒரு விஷயம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். உங்கள் வீட்டு வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? விடியற்காலையில் உன் அப்பா குமிழைத் திருகினால் அது சூடாகவே கொஞ்ச நேரம் பிடிக்கும். பச்சைக் கண் மெல்ல ஒளிரும். முதலில் தம்புரா சுருதி, அப்புறம் அதன்மேல் அந்த வயலின். சிவரஞ்சனி சாயலில் வரும் ஆகாசவாணியின் முகப்பு இசை. அதற்குள் நாம் முகம் கழுவியிருக்க வேண்டும் என்பது உன் அப்பா போட்ட சட்டம்.

அந்த இசையை அமைத்தவர் என்று சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். யூதர், அகதியாக பம்பாய்க்கு வந்தவர். இத்தனை வருஷம் இது தெரியாமலே கேட்டிருக்கிறோமே!

1907இல் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தவர். பெர்லினில் இசை படித்துவிட்டு, பிராகில் இருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மாலர் என்ற இசையமைப்பாளரைப் பற்றி ஆய்வு செய்தார். ஆய்வேடு முடிந்த நேரத்தில், தன் வழிகாட்டி நாஜி இளைஞர் அமைப்பின் தலைவர் என்று தெரியவந்தது. பட்டமே வேண்டாம் என்று விட்டுவிட்டார். நம் ராமமூர்த்தி சார் இருந்திருந்தால் அந்த இடத்தில் கண்கலங்கியிருப்பார்.

1934இல் பம்பாய். விசா எளிதில் கிடைத்தது என்பது ஒரு காரணம். மற்றது இசைத்தட்டு. ஐரோப்பாவில் இருந்தபோதே இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டிருக்கிறார். ஒன்றும் புரியவில்லை. ஆனால் லட்சக்கணக்கானவர்கள் உருகிக் கேட்கும் இசை புரியவில்லை என்றால் குறை என்னிடம்தான், அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்க வேண்டும் என்று முடிவு செய்தாராம். சுந்தரம், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீடு வாசல் பறிபோகிற நேரத்தில் ஒரு மனிதருக்கு இப்படி நினைக்கத் தோன்றியிருக்கிறதே.

வந்த சில மாதங்களிலேயே நாலைந்து பேரைச் சேர்த்து ஓர் இசைச் சங்கம் தொடங்கினார். வயலினுக்கு மெஹ்லி மேத்தா, பின்னால் இசைக்குழு நடத்துனராக உலகப் புகழ் பெற்ற சுபின் மேத்தாவின் அப்பா. வாரந்தோறும் வியாழக்கிழமை கச்சேரி. 1937 மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள்! அந்த வருஷமே பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பாளர். சினிமாவுக்கும் இசையமைத்தார். பிராகில் பழகிய எழுத்தாளர் வில்லி ஹாஸும் 1939இல் தப்பி பம்பாய்க்கே வந்துசேர்ந்தார்.

காஃப்மனின் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் தங்கை மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். கெர்ட்டியின் அம்மாவும் அதில் ஒருவர். அந்த வருஷங்களில் பம்பாயில் தபாலுக்குக் காத்திருந்த வீட்டை நினைத்தால் மனசு தாங்கவில்லை.

1946இல் இந்தியாவை விட்டுப் போனார். கனடாவில் வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவுக்கு முதல் நடத்துனர், பிறகு அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1984இல் காலமானார். அதற்கு முன், 1976இல், நம் தென்னிந்திய ராகங்களைத் தொகுத்து ஒரு பெரிய நூல் போட்டிருக்கிறார். இசைத்தட்டில் கேட்டுப் புரியவில்லை என்றாரே, அதே மனிதர்!

சரி, ஒன்று கேட்கிறேன். உங்கள் பரணில் அந்த ரேடியோ இன்னும் இருக்கிறதா? இருந்தால் பழைய சாமான்காரனிடம் போட்டுவிடாதே. தை பிறந்ததும் வருகிறேன், இங்கே வால்வு செட் பழுது பார்க்கிற ஒருவரைத் தெரியும். பச்சைக் கண் எரிகிறதா என்று பார்ப்போம்.

அன்புடன்,
கணேசன்