பேஃபிரண்ட் நிலையத்தில் பார்த்த அக்காவுக்கு

சிங்கப்பூரை முதல்முறையாகச் சுற்றிப் பார்த்த எங்களுக்கு எல்லாமே பிரமிப்பு. ரயில் நிலையத்தில் தமிழ் எழுத்தைக் கண்டு அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். சாயங்காலம் பேஃபிரண்டில் இறங்கியதும் அவருக்குத் தலைசுற்றல். பகலெல்லாம் புழுக்கத்தில் நடந்த களைப்பு.

அக்கா, நாங்கள் கேட்கவே இல்லை. வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய நீங்கள், "உட்காருங்கம்மா" என்று அவரைத் தாங்கிப் பிடித்தீர்கள். தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, தெளிந்த பிறகும் போகவில்லை. லிஃப்டில் ஏற்றி, கரையோரப் பூந்தோட்டம் வரை மெதுவாகக் கூடவே நடந்து வந்தீர்கள். 50 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்தச் செயற்கை மரங்களான சூப்பர்ட்ரீக்களின் 7.45 மணி ஒளிக்காட்சியை அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார்.

பெயரைக் கேட்டபோது சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டீர்கள். அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். மதுரைக்கு வந்தால் நம் வீட்டில்தான் தங்க வேண்டும், அக்கா.