கத்தரிக்கோலைக் கீழே வை

அன்பின் குகன்,

நாங்கள் சுகம். இவளுக்கு முழங்கால் நோ, மற்றபடி குறையில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரி எழுதாதவன், நேற்று இரவு கஞ்சாச் செடியின் படத்தை அனுப்பி, “நல்லூர்த் திருவிழாவுக்குப் போறன், அதுக்கு முன்னம் இலை எல்லாத்தையும் ஆய்ஞ்சு விடட்டோ?” என்று கேட்கிறாய். படத்தின் ஓரத்தில் உன் மனுசியின் தையல் கத்தரிக்கோல் வேறு. முதலில் அதைக் கீழே வை. அவ கண்டால் உன்னைத்தான் கத்தரிப்பா.

நீ பார்த்த வீடியோ அறைக்குள் விளக்குப் போட்டு வளர்க்கிறவர்களுடையது. விளக்கு ஒரே இடத்தில் தொங்கும். மேல் இலை மறைத்தால் கீழ்க்கொப்புக்கு என்றைக்கும் இருட்டுத்தான். அதனால் மொட்டையடிக்கிறார்கள். உன் முற்றத்தில் காலையில் ஒரு பக்கம் வெயில், பின்னேரம் மறுபக்கம். கை விரித்த மாதிரி நிற்கிற அந்தப் பெரிய இலைகள்தான் பூவுக்குச் சாப்பாடு போடப்போகிறவை. நைதரசனும் அவற்றில்தான் சேமிப்பு. பூ முற்றும்போது செடி அதை இழுத்துக்கொள்ளும், இலை தானாக மஞ்சளாகும். சின்னையாவின் புகையிலைத் தோட்டத்தில் இலை தடிக்கவேண்டும் என்று பூந்தலையை முறித்தோமே, இங்கே கணக்குத் தலைகீழ் மச்சான்.

அதற்காக ஒன்றையுமே தொடாதே என்று சொல்லவில்லை. எனக்குப் பயமெல்லாம் சாம்பல் பூஞ்சணம்தான். கொழுத்த பூவுக்குள் ஈரம் நின்றால் உள்ளிருந்து அழுகும். வெளியே ஒரேயொரு குட்டி இலை மட்டும் வாடி நிற்கும். மெல்ல இழுத்தால் கையோடு வரும், பூவைப் பிரித்தால் நடுவில் கபில நிறமாய்ச் சாம்பல் படிந்திருக்கும். பிறகு அந்தப் பூ குப்பைக்குத்தான். ஒக்டோபர் மழையில் இது வராமல் இருக்கக் காற்று ஓடவேண்டும். ஆகவே மண்ணைத் தொடும் இலை, உள்ளே மஞ்சளான இலை, அடியில் வெயிலே படாத சிம்புகள், இவ்வளவும் போகட்டும். ஒரே தரத்தில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். பனி காய்ந்த பிறகு, மழை இல்லாத நாளில், கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டு. காயமும் காயும். அப்புறம் பத்து நாளாவது சும்மா விடு.

அவசரமும் இல்லை. பகல் 14 மணித்தியாலத்துக்குக் கிட்டக் குறையும்போதுதான் இது பூக்கத் தொடங்கும். இங்கே ரொறன்ரோவில் அது ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முன்பே வந்துவிடும். ஜேர்மனியில் உங்கள் ஹம் நகரம் எங்களைவிட நல்ல வடக்கு. உனக்கு இரண்டு கிழமை பிந்தும். இப்போது ஒரு சின்னத் துப்புரவு, தேர் பார்த்துத் திரும்பி வந்து இன்னொன்று. காணும்.

இனிப் பகிடி இல்லை. 2024 ஏப்ரலில் இருந்து அங்கே ஆளுக்கு மூன்று செடி வைக்கலாம்தான். எங்களுக்கு இங்கே எத்தனை பேர் இருந்தாலும் வீட்டுக்கு நாலு. ஆனால் ஊரில் அந்தச் சட்டம் செல்லாது. தோட்டத்துக்குப் போடுகிற காற்சட்டையைப் பயணத்துக்குப் போடாதே, பையை உதறிப் பார். ஒரு விதை கிடந்தாலும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன் விளக்கத்தைக் கேட்க ஆள் இருக்காது. இதை மனுசியிடமும் சொல்லு.

தண்ணி ஊற்றுவது யார்? மருமகன் என்றால் அவனுக்குக் கத்தரிக்கோல் இருக்கும் இடத்தைச் சொல்லாதே. ஊரிலிருந்து பனங்கட்டி வாங்கி அனுப்பு, எறும்பில்லாமல்.

அன்புடன்,
ரவி