தேர்ச்சி ஆண்டு 2023 பட்டியலில் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு இங்கே நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் படித்தேன். என் பையன் இந்தப் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால்தான் இங்கிலாந்திலிருந்து மூட்டை முடிச்சோடு திரும்பினான், அதனால் எழுதுகிறேன்.

2022-இல் இங்கே பி.இ., அடுத்த வருடம் அங்கே எம்.எஸ்சி., அப்புறம் படித்தவர்களுக்குத் தரும் இரண்டு வருட விசா. அவன் போனபோது வருடத்துக்கு 25,600 பவுண்டு சம்பளம் என்றால் கம்பெனி வேலை விசாவுக்கு ஸ்பான்சர் பண்ணலாம். 2024 ஏப்ரலில் அதை 38,700 ஆக்கினார்கள், 2025 ஜூலையில் 41,700. புதிதாகப் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை வரம்பு 33,400, ஆனால் அந்தச் சம்பளத்துக்கு ஸ்பான்சரும் பண்ணுகிற ஆள் அவனுக்குக் கிடைக்கவில்லை. ராத்திரி ஷிப்டில் கிடங்கு வேலை பார்த்தான்.

சரி, ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தால் இங்கே வேறு கதை. நம் கம்பெனிகள் புதியவர்களைப் பெரும்பாலும் கேம்பஸில், அதுவும் பேட்ச் கணக்கில்தான் எடுக்கின்றன. போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், ஒரு விண்ணப்பத்தில் 'தேர்ச்சி ஆண்டு' என்ற இடத்தை அழுத்தினால் 2025, 2026 மட்டும்தான் விழுகிறது. இவனுடைய 2023-க்கு இடமே இல்லை. அனுபவசாலிகள் பக்கம் போனால் கிடங்கு அனுபவத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? ஒரு எச்.ஆர். பெண் மட்டும் தன்மையாகப் பேசினார், "ஏன் தம்பி திரும்பி வந்தீங்க?" என்று கேட்டாராம்.

பேங்க் இதற்கெல்லாம் காத்திருக்காது. படிப்புக் காலம், அதற்கு மேல் ஒரு வருடம், அவ்வளவுதான் படிப்புக் கடனைக் கட்ட ஆரம்பிக்க அவகாசம். வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய 22 லட்சத்துக்கு மாதத் தவணை 32,000. இங்கே கிடைத்த ஒரே வேலைக்குச் சம்பளம் 25,000.

'நான் முதல்வன்' திட்டத்தில் இங்குள்ள கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து கம்பெனிகளோடு சேர்த்துவிடுகிறார்கள், நல்ல விஷயம். திரும்பி வருகிற பிள்ளைகளையும் அதே மாதிரி பதிந்து, சென்னையிலும் கோவையிலும் ஆள் எடுக்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளின் அலுவலகங்களுக்கு அனுப்பினால் என்ன? இவனை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்த கன்சல்டன்சிக்காரரோ இப்போது போனையே எடுப்பதில்லை.

வியாழக்கிழமை தரமணியில் ஒரு இன்டர்வியூ. பயோடேட்டாவில் கிடங்கு வேலையைப் போடலாமா வேண்டாமா என்று நேற்று ராத்திரி வரைக்கும் அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் வாக்குவாதம்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன், திருச்சி