ஐ.டி.ஐ.க்குப் பிறகும் படிக்கலாம்

ஆசிரியருக்கு,

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவு என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. யாராவது ஐ.டி.ஐ. (தொழிற்பயிற்சி நிலையம்) என்றால் ஒரு முகச்சுளிப்பு. மேற்படிப்புக்கு அத்தோடு முழுக்கு என்று பெற்றோர் பலர் இன்றும் நம்புகிறார்கள்.

உண்மை வேறு. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ படித்து, தமிழ், ஆங்கிலத் தேர்வுகளிலும் தேறினால் அது பிளஸ் டூவுக்கு இணை. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஆலைகளில் உதவித்தொகையோடு தொழில் பழகினால், ஐ.டி.ஐ. முடித்ததற்கான தேசியத் தொழிற்சான்றிதழுடன் பழகுநர் சான்றிதழும் சேரும். பல நிறுவனங்கள் இந்த இரண்டாவது சான்றிதழைத்தான் முதலில் கேட்கின்றன.

அரசு ஐ.டி.ஐ.களில் கல்விக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய், சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் கிடைக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. இத்தனையும் இருந்து, விண்ணப்பிக்கும் நாள்கள் கடந்த பிறகு விசாரிக்க வருபவர்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. (பொறியியல் கல்லூரி விளம்பரங்களுக்கு மட்டும் எந்தச் சுவரிலும் இடம் கிடைத்துவிடுகிறது!)

பள்ளிகளில் மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும் அன்றே, அருகிலுள்ள ஐ.டி.ஐ.யின் பாடப்பிரிவுகள், விண்ணப்பத்தின் கடைசி நாள், விடுதி வசதி ஆகியவற்றை ஒரு தாளில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்கப் பள்ளிக் கல்வித் துறை ஏற்பாடு செய்ய வேண்டும். அதில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் பிரிவை மட்டும் சிபாரிசு செய்யாமல் இருந்தால் நல்லது.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், விருதுநகர்